உடைக்கறதுக்கு முன்னாடி எழுதி வச்சிடுங்க: விசைப்படகு ஓனருங்களுக்கும் ஊர் பஞ்சாயத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

நாகை, மயிலாடுதுறை, காரைக்கால் கரையோரத்து விசைப்படகு ஓனருங்களுக்கும், ஊர் பஞ்சாயத்துப் பெரியவங்களுக்கும் வணக்கம்.

நான் ஓனர் வீட்டுப் பொண்ணு இல்லைங்க, மரப்போட்டு கட்டற ஓடாவியோட மக. எங்கப்பா கடுவையாத்துக் கரையில காலம் பூரா போட்டு வேலைதான் பாத்தாரு. இத படிக்கற உங்கள்ல நெறைய பேரோட போட்டுல அவரு கை பட்டிருக்கும், ஒரு பலகையாவது மாத்தியிருப்பாரு, இல்லன்னா பலகை இடுக்குல பஞ்சு அடிச்சு எண்ணெய் பூசியிருப்பாரு. அந்த உரிமையிலதான் மாமா, அண்ணே, பெரியப்பான்னு கூப்பிடற எல்லாருக்கும் சேத்து இத எழுதறேன்.

விஷயம் இதுதான். ஆத்தோரம் சீமைக்கருவேலத்துக்கு நடுவுல ரொம்ப நாளா ஒரு பழைய பாப்லோ, அந்தக் காலத்து சின்ன மர மோட்டார் போட்டு, சாஞ்சு கெடக்கு, உங்களுக்கே தெரியும். அத உடைக்கப் பேசி முடிச்சாச்சு, மரம் விறகுக்கு, ஆணியும் பித்தளையும் தனியா எடைக்குன்னு கேள்விப்பட்டேன். உடைக்காதீங்கன்னு நான் சொல்ல வரல. வங்குன்னு சொல்ற வளைஞ்ச உள்கட்டை எல்லாம் உளுத்துப் போச்சு, அடியில கப்பல் புழு தொளைச்சு விரல வச்சா உள்ள போவுது, அந்த எடமும் உங்களுக்கு வேணும். இன்னிக்கு நெலமைக்கு அத நிமுத்தி நிறுத்தணும்னா புதுசா ஒண்ணு கட்டற செலவு ஆவும், அது எனக்கும் தெரியும்.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அந்த போட்டு யார் யார் கையில இருந்துச்சு, யாரு வாங்குனா, எதுக்கு வித்தா, என்ன பேரு எழுதுனாங்க, என்ன எஞ்சின் வச்சாங்க, எந்தப் புயல்ல என்னாச்சு, இத ஒரு நோட்டுல எழுதி ஊர் பேர்ல வச்சிட்டு அப்புறம் உடைங்க. அந்த ஒரு போட்டுக்கு மட்டும் இல்ல, பழையாறுலேருந்து கோடியக்கரை வரைக்கும் இன்னும் மிச்சம் இருக்கற ஒவ்வொரு மரப்போட்டுக்கும் இத செய்யணும்.

ஒரு போட்டுக்கு அப்படி என்ன கதை இருக்கப் போவுதுன்னு கேப்பீங்க. இந்த பாப்லோவோட கதைய எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். எங்கப்பா சொன்னதும் அவரோட கூலி நோட்டுல இருக்கறதும்தான் இது. ஒரு போட்டு எத்தன ஓனர் மாறுனாலும் ஓடாவி மாறமாட்டாரு. ஓனருங்களுக்கு அவங்கவங்க வச்சிருந்த காலம் மட்டும் தெரியும், எங்கப்பாவுக்கு முழுசா தெரியும்.

அது கட்டுனது 1960களோட கடைசியில. அதுக்கு முன்னாடி நம்ம கரையில கட்டுமரமும் பாய் வச்ச வள்ளமும்தான். 1952ல இந்தியாவும் நார்வேயும் ஐ.நா.வும் ஒப்பந்தம் போட்டு அடுத்த வருஷமே கேரளாவுல நீண்டகரைப் பக்கம் விசைப்படகு வேலைய ஆரம்பிச்சாங்க, நம்ம பக்கமும் மீன்துறை அதே காலகட்டத்துல சின்னச் சின்ன மோட்டார் போட்டு கட்டி, மீனவங்க குழுவா சேந்தா மானியமும் தவணையுமா குடுக்க ஆரம்பிச்சது. அதுக்குத்தான் பாப்லோன்னு பேரு. முப்பது அடிக்குள்ள இருக்கும், சின்ன டீசல் எஞ்சின், ருஸ்டன் இல்லன்னா கிர்லோஸ்கர், அந்த டப்டப் சத்தத்த வச்சே யாரு போட்டு கரைக்கு வருதுன்னு வீட்ல இருக்கற பொம்பளைங்க சொல்லிடுவாங்களாம். இந்த போட்டுக்கு ஏரா, அதான் அடிக்கட்டை, இலுப்பை, வங்கு நாட்டுக்கருவேலம், பலகை கேரளாவுலேருந்து வந்த அயினி. கருவேலத்துல வங்குக்குன்னே வளைஞ்ச கொம்பா தேடிப் பாத்து வெட்டுவாங்க, நேர் மரத்த அறுத்து வளைவு எடுத்தா நாரு அறுந்து பலம் போயிடும்னு அப்பா சொல்லுவாரு. இன்னிக்கு அந்த போட்டுகிட்ட போய் நின்னு பாத்தீங்கன்னா தெரியும், மத்ததெல்லாம் போயும் ரெண்டு மூணு வங்கு மட்டும் இன்னும் கல்லு மாதிரி நிக்குது.

மொத ஓனரு ஒருத்தர் இல்ல, ஒரே தெருவுல நாலு பேரு. நாலு பேரும் கட்டுமரத்துக்காரங்க, எஞ்சின்னா என்னன்னே தெரியாது, நாலுல ரெண்டு பேருக்கு கையெழுத்து போட வராது, கைநாட்டு வச்சுத்தான் போட்டு வாங்குனாங்க. அப்ப அதுக்கு பேரே கெடையாது, அணியத்துல, அதான் முன்பக்கத்துல, மீன்துறை எழுதுன நம்பர் மட்டும்தான். அதே சமயத்துலதான் பருத்தி வலை போயி நைலான் வலை வந்துச்சு. பருத்தி வலைய தெனம் காயப்போட்டு, பட்டை காய்ச்சுன சாயத்துல முக்கி எடுக்கணும், நைலானுக்கு அந்த வேலை இல்ல. வீட்டுப் பொம்பளைங்க, வயசானவங்க எல்லாரும் பாத்துகிட்டு இருந்த ஒரு பெரிய வேலை ஒரு அஞ்சாறு வருஷத்துல காணாமப் போச்சு. இதெல்லாம் ஒரு போட்டோட கதைக்குள்ளதான் இருக்கு, தனியா எந்தப் புத்தகத்துல போயி தேடுவீங்க?

அப்புறம் இறாலுக்கு வெல வந்துச்சு. ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் ஏத்துமதின்னு கொச்சியிலேருந்து கம்பெனிக்காரங்க வந்து கரையிலயே காசு குடுத்து வாங்க ஆரம்பிச்சாங்க, அதுவரைக்கும் கருவாட்டுக்கும் உரத்துக்கும் போன சின்ன இறால் கூட காசாச்சு. நாலு பேரும் போட்டுல வலை இழுக்கற விஞ்ச் ஏத்தி, கடலடியில இழுத்துகிட்டுப் போற இழுவைமடிக்கு மாத்துனாங்க. அப்பா நோட்டுல அந்த வருஷம்தான் இந்த போட்டு மொதல்ல வருது, பின்பக்கம் பலப்படுத்தறதுக்கு கட்டை, போல்டு, கூலின்னு எழுதியிருக்காரு. வலைய விட்டுட்டு ஓடற போட்டுக்கும் மடிய இழுத்துகிட்டு ஓடற போட்டுக்கும் மரத்துல விழற பாரம் வேற, பாப்லோவ அதுக்காக யாரும் கட்டல, அதனாலதான் பின்னாடி பூட்டு விட்டுப் போயி அடிக்கடி தண்ணி வாங்குச்சு.

1977 நவம்பர் 12 புயல்ல நாலு பேர் கூட்டு முடிஞ்சு போச்சு. போட்டு கரையேறி கருவேலங்காட்டுல போயி கவுந்துச்சு, எஞ்சின் உப்புத் தண்ணியில ஊறிப் போச்சு, தவணை பாக்கி நின்னுச்சு. நாலு பேர்ல ஒருத்தர் மறுபடி கட்டுமரத்துக்கே போயிட்டாரு, ஒருத்தர் கூலிக்கு வேற போட்டுல ஏறுனாரு, மத்த ரெண்டு குடும்பத்த பத்தி அப்பாவுக்கே சரியா தெரியல. யாராவது உங்கள்ல அந்தக் குடும்பத்து ஆளுங்களா இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க, அந்த எடம் நோட்டுல காலியா கெடக்கு.

ரெண்டாவது ஓனரு ஏல வியாபாரி. பாக்கியக் கட்டி போட்ட எடுத்தாரு. அவரு கடலுக்குப் போனதே இல்ல. நல்லவரு கெட்டவருன்னு நான் சொல்ல வரல, ஆனா அவரு கையிலதான் போட்டு நல்லா இருந்துச்சு, வருஷா வருஷம் கரையேத்தி சிப்பி சொரண்டி, பஞ்சு அடிச்சு, குங்கிலியம் காய்ச்சிப் பூசி, அடியில அலுமினியத் தகடு கூட அடிச்சாரு, அப்ப அது பெரிய செலவு. மக பேர போட்டுக்கு வச்சு நீலப் பெயிண்ட் அடிச்சாரு. ஆனா புடிச்ச மீன் அவரு ஏலத்துல மட்டும்தான் விக்கணும், வெல அவரு சொல்றதுதான். நம்ம கரையில முன்பணம் குடுத்து மீன கட்டிப்போடற பழக்கம் இன்னும் இருக்கே, அது எப்படி வந்துச்சுன்னு கேட்டா இந்த மாதிரி போட்டுங்க கை மாறுன வரிசைய பாத்தாலே புரியும். தொழில் பாக்கறவன் கையிலேருந்து முதல் போடறவன் கைக்கு எந்த வருஷம் போச்சு, எதனால போச்சுன்னு வரிசையா தெரிஞ்சிடும்.

மூணாவது ஓனரப் பத்திதான் நான் முக்கியமா சொல்லணும்.

அது ஒரு அத்தை. பேரு எழுதல, அவங்க குடும்பம் சம்மதிச்சா நோட்டுல எழுதிக்கலாம். புருஷன் அந்த வியாபாரிகிட்ட டிரைவரா இருந்தவரு, காசு சேத்து, நகைய வித்து, போட்ட வாங்குனாங்க. வாங்குன கொஞ்ச காலத்துலயே அவரு கடல்ல இறந்து போயிட்டாரு. அதுக்கப்புறம் சுனாமி வரைக்கும் அந்த போட்ட நடத்துனது அத்தைதான். டீசல், ஐஸ், அரிசி பருப்பு எல்லாம் அவங்கதான் ஏத்தி விடுவாங்க, விடியக்காலம் தொறையில நின்னு ஏலத்த அவங்கதான் பாப்பாங்க, ஆளுங்களுக்கு பங்கு பிரிச்சு குடுக்கறது அவங்கதான், ஒரு பைசா கூட கொறையாம குடுப்பாங்கன்னு அதுல ஏறுன ஆளுங்க இன்னிக்கும் சொல்றாங்க. கச்சான் காத்து அடிக்கற நாள்ல ஆளுங்க போலாம்னு சொன்னாலும் போவக்கூடாதுன்னு கயிற அவுக்க விடமாட்டாங்களாம். வருஷாந்திர வேலைக்கு எங்கப்பாகிட்ட வந்து எந்தப் பலகைய மாத்தறீங்க, ஏன் மாத்தறீங்க, பழைய பலகைய எங்க வச்சீங்கன்னு ஒவ்வொண்ணா கேட்டு எண்ணிப் பாத்துட்டுத்தான் காசு குடுப்பாங்க. போட்டு வேலை தெரிஞ்ச ஓனருன்னா அவங்கதான்னு அப்பா சொல்லுவாரு.

ஆனா காகிதத்துல ஓனரு அவங்க கொழுந்தனாரு. பொம்பளை பேர்ல போட்டு இருந்தா ஆளு ஏறமாட்டாங்க, ஆபீசுக்கு அலைய முடியாதுன்னு அப்ப அப்படி மாத்தி வச்சிட்டாங்க. அவரு ஒரு நாளும் அந்த போட்டுல கால் வச்சதில்ல. நாளைக்கு எவனாவது பழைய ரெஜிஸ்டர எடுத்து இந்த போட்டோட ஓனருங்க யாருன்னு பாத்தா அங்க அத்தை பேரு இருக்காது. அதுக்குத்தான் சொல்றேன், காகிதம் மட்டும் போதாது, அந்தக் காலத்து ஆளுங்க உசுரோட இருக்கறப்பவே வாயால கேட்டு எழுதணும். நம்ம கரையில இந்த மாதிரி பொம்பளைங்க அவங்க ஒருத்தர் மட்டும் இல்லன்னு உங்களுக்கே தெரியும்.

2004 டிசம்பர் 26. அத பத்தி நான் உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. நம்ம நாகை மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போனாங்க. அக்கரைப்பேட்டை பாலத்துப் பக்கம் போட்டுங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடந்த அந்தக் குவியல்ல இதுவும் ஒண்ணு. அத்தை வீட்ல ரெண்டு பேரு போயிட்டாங்க. போட்டுல வலது பக்கம் முழுக்க வங்கு ஒடைஞ்சு, கேபின் பிச்சுகிட்டு போயி, ஏரா மட்டும் முழுசா இருந்துச்சு. எங்கப்பா அத சரி பண்ணி தண்ணியில எறக்குனாரு. அவரு நோட்டுல அந்த வேலைக்கு மரத்துக்கும் ஆணிக்கும் கணக்கு இருக்கு, கூலின்னு ஒண்ணும் எழுதல.

அதுக்கப்புறம் அத்தை போட்டுத் தொழில விட்டுட்டாங்க. நாலாவதா வாங்குனவரு வேதாரண்யத்துக்கு தெக்க உள்ளவரு. ஐப்பசிலேருந்து மாசி வரைக்கும் நம்ம ஊர் ஆளுங்க பல பேரு கோடியக்கரையில போயி குடிசை போட்டு தங்கித் தொழில் பாப்பாங்கல்ல, அங்க பழக்கம் ஆனவரு. அவரு இழுவைய எடுத்துட்டு மறுபடி வலைக்கு மாத்துனாரு. அணியத்துல வேளாங்கண்ணி மாதா துணைன்னு எழுதுனாரு. அவரு இந்துதான், ஆனா கடல்ல போறவனுக்கு அந்த ஆத்தாவும் ஆத்தாதானேன்னு எங்கப்பாகிட்ட சொன்னாராம். அத்தை காலத்துல மாரியம்மன் துணைன்னு இருந்துச்சு, அந்த எழுத்த அழிக்கக் கூடாதுன்னு சொல்லி அதுக்குக் கீழயே இத எழுதச் சொன்னாரு. இன்னிக்கும் பெயிண்ட சொரண்டுனா ரெண்டும் தெரியும், அதுக்கும் அடியில நீலம், நீலத்துக்கு அடியில அந்த பழைய நம்பரோட கடைசி ரெண்டு எழுத்து. உடைக்கப் போறவங்ககிட்ட நான் கெஞ்சிக் கேக்கறேன், அந்த அணியத்துப் பலகைய மட்டும் முழுசா கழட்டி ஓரமா வைங்க, விறகோட சேத்துடாதீங்க.

2018 நவம்பர் 16 கஜா. வேதாரண்யம் பக்கம் ஒரு தென்னை மிச்சம் இல்ல, போட்டுங்க எல்லாம் சேத்துல போயி பொதைஞ்சுது. நாலாவது ஓனரு இத எப்படியோ கட்டி இழுத்து நாகைக்கு கொண்டாந்து விட்டாரு, சரி பண்ணலாம்னு. அப்ப எங்கப்பாவுக்கு முடியல. அந்த அளவு மரவேலை செய்ய வேற ஆளும் கெடைக்கல, எல்லாரும் ஃபைபர் பக்கம் போயிட்டாங்க. அப்படியே கெடந்து போச்சு.

ஒரு முப்பது அடி மரத்துக்குள்ள கூட்டுத்தவணை, நைலான் வலை, இறால் காசு, வியாபாரி முன்பணம், விதவை நடத்துன தொழில், ரெண்டு புயல், ஒரு சுனாமின்னு இவ்வளவு இருக்கு. இத எழுதாம உடைச்சா மனசு ஆறல எனக்கு.

இந்த மாதிரி எழுதி வைக்கறது ஒண்ணும் உலகத்துல இல்லாத வேலை இல்ல. இங்கிலாந்துல லாய்ட்ஸ்காரங்க 1878லேருந்து 1980 வரைக்கும் சொந்தப் படகுங்களுக்குன்னே ஒரு பதிவேடு அச்சடிச்சு வெளியிட்டாங்க. யாரு கட்டுனது, எந்த வருஷம், நீளம் அகலம், என்ன எஞ்சின், முன்னாடி என்ன பேரு, இப்ப யாரு ஓனருன்னு எல்லாம் இருக்கும். பழைய மர மோட்டார் போட்டு ஒண்ண எவனாவது வாங்குனான்னா அந்தப் புத்தகங்கள வரிசையா பொரட்டி தனக்கு முன்னாடி இருந்த ஓனருங்கள ஒவ்வொருத்தரா கண்டுபுடிச்சிடுவான். 1940 மே கடைசியில டன்கிர்க் கடற்கரையில மாட்டிகிட்ட 3,38,000 சிப்பாய்ங்கள கப்பல் வச்சு மீட்டப்ப, நூத்துக்கணக்குல சின்னச் சின்ன போட்டுங்களும் போச்சு, ஆத்துல உல்லாசமா சுத்திகிட்டு இருந்த மர மோட்டார் போட்டு, மீன்புடி போட்டு எல்லாம். அந்த போட்டுங்களுக்கு இன்னிக்கும் ஒரு சங்கமே இருக்கு, ஒவ்வொண்ணும் யார்கிட்ட இருந்து யார்கிட்ட போச்சுன்னு எழுதி வச்சிருக்காங்க. அங்க 50 வருஷம் தாண்டுன, 33 அடிக்கு மேல உள்ள கப்பலுக்கு தேசிய அளவுல ஒரு பட்டியல் இருக்கு, அதவிட சின்ன போட்டுக்குன்னு தனியா ஒரு பட்டியல் இருக்கு.

நம்ம கதைய பாருங்க. ரஜூலா கப்பல்னா டெல்டாவுல தெரியாத ஆளு கெடையாது, நாகையிலேருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம்ம சனம் போனதே அதுலதான். அது 1926ல கிளாஸ்கோவுல கட்டுனது, எந்தக் கம்பெனி, எப்ப வித்தாங்க, எப்ப உடைச்சாங்க எல்லாம் எழுதி இருக்கு. ஆனா கரைக்கு வரமுடியாம தூரத்துல நங்கூரம் போட்டு நின்ன அந்தக் கப்பலுக்கு சனத்தையும் வெங்காய மூட்டையையும் ஏத்திகிட்டுப் போன நம்ம தோணிங்க எத்தன, யாருது, யாரு கட்டுனா? ஒரு வரி கூட கெடையாது. வெள்ளைக்காரன் கப்பலுக்கு வரலாறு இருக்கு, அதுக்கு ஏணி வச்ச நம்ம தோணிக்கு இல்ல. கட்டுமரத்துக்கும் அப்படித்தான் ஆச்சு. சுனாமிக்கு அப்புறம் நிவாரணத்துல ஃபைபர் போட்டு வந்து குவிஞ்சதுல கட்டுமரம் கண்ணு முன்னாடியே மறைஞ்சு போச்சு, யாரும் நின்னு எழுதல. இப்ப மரப்போட்டு மொறை.

வேகமாவும் போவுது. ஆழ்கடலுக்கு மாறுறதுக்கு 2017ல பாக் நீரிணைப் பக்கம் ஒரு திட்டம் கொண்டாந்தாங்கல்ல, அப்ப 80 லட்ச ரூபா போட்டுக்கு 70 சதவீதம் மானியம், பழைய இழுவைப் படக விட்டுடணும்னு. நல்ல திட்டமா இல்லையாங்கறத உங்க சங்கத்துல பேசிக்குங்க, ஆனா அந்த மாதிரி விடற ஒவ்வொரு மரப்போட்டும் ஒரு கதையோடதான் போவுது. இலங்கைக்காரன் புடிச்சுகிட்டுப் போயி அங்க தொறைமுகத்துல கெடந்து மக்கிப் போறது வேற. அந்த போட்டுங்களோட ஓனருங்க இங்கதான் இருக்காங்க, போட்டுதான் இல்ல. அவங்க கதையையும் சேத்து எழுதணும்.

அரசாங்கத்துலதான் ரெஜிஸ்டர் இருக்கேன்னு சிலர் சொல்லுவீங்க. 1983 கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு அப்புறம் பதிவு கட்டாயம்தான், இப்ப ரியல்கிராஃப்டுன்னு ஆன்லைன்லயே வந்துடுச்சு. ஆனா அது இன்னிக்கு ஓனரு யாருன்னு சொல்லும், போட்டுக்கு லைசென்ஸ் இருக்கான்னு சொல்லும். அதோட வேலை அதுதான். நாலு கைநாட்டுக்காரங்களையும், அத்தையையும் அது சொல்லாது.

இன்னொரு பயமும் உங்களுக்கு இருக்கும்னு எனக்குத் தெரியும். யாரும் வெளிய சொல்லமாட்டீங்க, நானே சொல்றேன். யாரு பேர்ல போட்டு, நெஜத்துல யாருதுன்னு எழுத ஆரம்பிச்சா மானிய டீசல் கார்டுலேருந்து இன்சூரன்ஸ் வரைக்கும் எங்கயாவது இடிக்கும்னு. அதனால இப்ப ஓடிகிட்டு இருக்கற கணக்க யாரும் கேக்க வேணாம், எழுத வேணாம். சுனாமிக்கு முன்னாடி வரைக்கும் உள்ளத மொதல்ல எழுதுவோம். அந்த ஓனருங்கள்ல பாதிப் பேரு இப்ப இல்ல, அந்தக் கடனெல்லாம் தீந்தே போச்சு, யாருக்கும் அதனால எடஞ்சல் வராது. எழுதுன நோட்டு பஞ்சாயத்துலயே இருக்கட்டும், யாருக்கு காட்டணும்னு பஞ்சாயத்து முடிவு பண்ணட்டும்.

பலகையெல்லாம் மாத்திட்டோம், இது எப்படிப் பழைய போட்டு ஆவும், ஏரா மட்டும்தானே பழசுன்னும் ஒரு அண்ணன் என்கிட்ட கேட்டாரு. அண்ணே, மாத்துன பலகை ஒவ்வொண்ணுக்கும் யாரோ ஒரு ஓனரு காசு குடுத்திருக்காரு. எந்த வருஷம், எதுக்கு மாத்துனோம்னு எங்கப்பா நோட்டுல இருக்கு. புயலுக்கு மாத்துனது, புழுவுக்கு மாத்துனது, மடி இழுத்து விட்டுப் போனதுக்கு மாத்துனது எல்லாம் வேற வேற. மாத்துனதுதான் அந்த போட்டோட வரலாறே.

எப்ப செய்யறதுன்னு கேட்டா மீன்புடி தடைக்காலத்துலதான். ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் போட்டு எல்லாம் கரையில இருக்கும், ஓனரு, டிரைவரு, ஆளுங்க எல்லாரும் ஊர்லயே இருப்பாங்க, சாயங்காலம் போட்டு நெழல்லதான் உக்காந்திருப்பீங்க. ஊருக்கு படிச்ச புள்ளைங்க ரெண்டு பேர விட்டீங்கன்னா போதும். போட்டுகிட்ட போயி மொதல்ல நீளம் அகலம் அளக்கணும், பெயிண்ட் அடுக்க ஓரமா கொஞ்சம் சொரண்டி போட்டோ எடுக்கணும், எஞ்சின் பிளேட்டுல உள்ள நம்பர குறிச்சுக்கணும், அப்புறம்தான் மனுசங்ககிட்ட போகணும். வெறுமன போயி பழைய கதை சொல்லுங்கன்னா யாரும் சொல்லமாட்டாங்க, அந்த நீலக் கலர் யாரு அடிச்சான்னு கேட்டா ஒரு மணி நேரம் பேசுவாங்க. ஓனருகிட்ட மட்டும் நிக்காம, டிரைவரு, மெக்கானிக்கு, வலை கட்டுனவங்க, ஐஸ் போட்டவங்க, ஏலம் எடுத்த பொம்பளைங்க எல்லாரையும் கேக்கணும். ஒரே சம்பவத்த ரெண்டு பேரு ரெண்டு மாதிரி சொன்னா ரெண்டையும் எழுதுங்க, பஞ்சாயத்து பண்ணி ஒண்ணாக்க வேணாம்.

நாகையில மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கு, 2012லேருந்து. அங்க உள்ள பேராசிரியருங்களுக்கும் இந்த மடல் போய் சேரணும்னு விரும்பறேன். தடைக்காலத்துல உங்க மாணவருங்கள கொஞ்ச நாளைக்கு எங்க கரைக்கு அனுப்புங்க சார். மீன் இனம், வலைக்கண்ணு அளவு எல்லாம் வந்து எடுக்கறாங்க, நல்ல வேலைதான், அதோட இதையும் சேத்துக்கட்டும். மீன்துறை அதிகாரிங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுதல், பழைய மானிய பாப்லோ லெட்ஜர் எங்கயாவது மூட்டையா கட்டி இருந்துச்சுன்னா அத எடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஊர் ஆளுங்க பாக்கறதுக்கு ஒரு வழி பண்ணுங்க. முன்னாடி ஒரு ஆபீஸ்ல போயி கேட்டப்ப, நனைஞ்சு போச்சு, தூக்கிப் போட்டாச்சுன்னு சொன்னாங்க. வேற எங்கயாவது நகல் இருக்கும்னுதான் நம்பறேன்.

எங்கப்பாவோட கூலி நோட்டுங்க என்கிட்ட இருக்கு. உப்புக்காத்துல ஓரம் எல்லாம் உதிருது, ஆனா எழுத்து நல்லா தெரியுது. எல்லாத்தையும் செல்போன்ல போட்டோ எடுத்துகிட்டு வரேன். உங்க போட்டு அதுல இருக்கான்னு பாக்கணும்னா எந்த ஊர் ஓனரு வேணாலும் கேக்கலாம், உங்க போட்டோட பக்கத்த அப்படியே குடுக்கறேன், காசு எதுவும் வேணாம். நோட்டுல இருக்கற போட்டுங்கள்ல நெறைய போட்டுக்கு ஓனரு பேரு எழுதாம, மேலத்தெரு பச்சை போட்டு, ஓட்டை கேபின் போட்டு, மாப்ள போட்டுன்னு அடையாளம்தான் எழுதியிருக்காரு, அது யாருதுன்னு உங்களாலதான் சொல்ல முடியும்.

பஞ்சாயத்துப் பெரியவங்களுக்கு கடைசியா ஒண்ணு. இந்த பாப்லோவ உடைக்கற தேதிய ஒரு பத்து நாள் தள்ளி வைங்க, அது போதும் எனக்கு. அதுக்குள்ள அத்தைகிட்ட போகணும். அவங்க இப்ப மக வீட்ல இருக்காங்க, கண்ணு சரியா தெரியல, ஆனா போன தீபாவளிக்கு பாத்தப்ப எந்த வருஷம் எந்தப் பலகைய மாத்துனோம்னு எங்கப்பா நோட்டுல இருக்கற மாதிரியே சொன்னாங்க, நோட்டுல இல்லாத ரெண்டு வருஷத்தையும் சேத்து சொன்னாங்க. ஒரு பொண்ணு தனியா போயி கேக்கறதவிட, ஊர் சார்பா பஞ்சாயத்தார் ரெண்டு பேரு கூட வந்து உக்காந்து கேட்டா அவங்களுக்கு மரியாதையா இருக்கும். கொழுந்தனாரு குடும்பத்துகிட்டயும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டத்துல இத எடுத்து, யாரு வர்றாங்கன்னு சொல்லுங்க, நான் வண்டி ஏற்பாடு பண்றேன்.

இப்படிக்கு,
கடுவையாத்துக் கரை ஓடாவி மக